கரோல் பாகில் நெஞ்சு வைத்தியம்

தில்லிக்கு உத்தியோகம் தேடி வந்த தமிழர்களுக்குக் கரோல் பாக் என்றவுடன் நினைவுக்கு வருவன டபிள்யூ.இ.ஏ. வட்டாரத்து மாடி அறைகளும், அஜ்மல் கான் ரோடின் திங்கட்கிழமைச் சந்தையும், பூசா ரோடில் நம்மவர் நடத்திவரும் தமிழ்ப் பள்ளிக்கூடமுந்தான். வைத்திய சரித்திரத்தில் கருத்துள்ளவனுக்கோ அந்தப் பேட்டை வேறு விதமாகத் தோன்றுகிறது. யுனானியும் ஆயுர்வேதமும் ஒரே கூரையின் கீழ்ப் போதிக்கப்பட்ட கலாசாலை ஒன்று, லாகூரில் வேர் கொண்ட ஆஸ்பத்திரிகள் இரண்டு, தங்க வேலைக்காரர்களின் புகை மண்டிய பட்டறைகள், இவ்வளவும் நடந்தே சுற்றிவிடக்கூடிய தூரத்துக்குள் அமைந்திருப்பதால், நம் தேசத்தார் நெஞ்சு நோயை எவ்வாறு அறிந்தார்கள், எவ்வாறு அறியத் தவறினார்கள் என்பதை இந்த ஒரு பேட்டையைக் கொண்டே பெரும்பாலும் சொல்லிவிட முடியும்.

1911ஆம் வருஷத்துத் தர்பாரில், தலைநகரம் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாறும் என்று ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் அறிவித்தார். அதன் விளைவாக, ரைசினாக் குன்றைச் சுற்றியிருந்த மாதோகஞ்ச், ஜயசிங்கபுரம், ராஜா கா பஜார் முதலிய குடியிருப்புகளைக் காலி செய்வித்து, அங்கிருந்த ஜனங்களைப் பிற்பாடு இந்தக் கரோல் பாகின் புதர்க்காட்டில் கொண்டுவந்து குடியேற்றினார்கள். அவர்களுக்கும் முன்னதாகவே அங்கே கால் ஊன்றியவர் ஹக்கீம் அஜ்மல் கான். பரம்பரை வைத்தியர், பின்னர்க் காங்கிரஸ் மகாசபைக்கே தலைமை வகித்தவர். அவருடைய திப்பியாக் கலாசாலைக்கு 1916 மார்ச் மாதம் 29ஆம் தேதி வைஸ்ராய் ஹார்டிஞ்சு பிரபு அஸ்திவாரக் கல் நாட்டினார். 1921 பிப்ரவரி 13ஆம் தேதி அதைத் திறந்து வைத்தவரோ மகாத்மா காந்தி. கல் நாட்டியவரும் கதவைத் திறந்தவரும் எதிரெதிர்க் கட்சியினராக அமைந்த அந்த ஐந்து வருஷ இடைவெளியிலே தேசத்தின் அரசியல் எப்படித் தலைகீழாயிற்று என்பதை விஸ்தரிக்க இது இடமன்று.

அந்தக் கலாசாலையின் முற்றத்தில் அந்நாளில் வந்து காத்திருந்த நோயாளிகளில், மார்பைப் பிடித்துக்கொண்டு இருமியவர்கள் கணிசமாக இருந்திருப்பார்கள் என்று ஊகிக்க அதிக யோசனை வேண்டியதில்லை. ஆயுர்வேத நூல்கள் ராஜயக்ஷ்மா என்று வர்ணித்து, பதினோரு குறிகள் கூறிய அந்த நோயைத்தான் நம் வீடுகளில் க்ஷயம் என்றார்கள். இருமல், மாலைக் காய்ச்சல், உடல் மெலிவு, கோழையில் இரத்தம் என்ற குறிகளைக் கண்டால் வைத்தியர் வேறு ஒன்றை நினைக்கவே மாட்டார். நினைப்பதற்கு அவரிடம் வேறு பெயரும் இல்லை. சுவாசகோசத்தில் புற்று உண்டாகும் என்பதை ஐரோப்பிய வைத்தியரும் அக்காலத்தில் ஓர் அபூர்வ சங்கதியாகவே கருதினார்கள். 1912இல் ஐசக் அட்லர் என்பவர் நியூயார்க்கில் இருந்துகொண்டு அதைப்பற்றி ஒரு தனி நூல் எழுதியபோது, இவ்வளவு அரிதான நோய்க்கு ஒரு நூல் தேவையா என்று தாமே கேட்டுக்கொண்டு சமாதானம் சொல்ல வேண்டியிருந்தது.

திப்பியாவைப்பற்றி இன்னொன்று சொல்லாமல் அப்பால் செல்ல மனம் வரவில்லை. அதனோடு சேர்ந்த ஆராய்ச்சி நிலையத்தில் ஸலீமுஸ்ஸமான் ஸித்தீகி என்ற ரசாயன நிபுணர், ஜெர்மனியில் கற்றுத் திரும்பியவர், 1931இல் சர்ப்பகந்தி வேரிலிருந்து ஒரு சத்தைப் பிரித்தெடுத்து, காலமாகிவிட்ட ஹக்கீமின் ஞாபகார்த்தமாக அதற்கு அஜ்மலின் என்று பெயர் சூட்டினார். இருதயத் துடிப்பின் ஒழுங்கீனங்களுக்கு அது மேல்நாட்டிலும் பயன்பட்டது. பச்சிலையை அப்படியே அரைத்துக் கொடுப்பதை விட்டு, அதன் ஜீவசத்தைப் பிரித்து நிறுத்துக் கொடுக்கும் மார்க்கம் கரோல் பாகில் அன்றே தொடங்கிவிட்டது. அதே மார்க்கத்தில் சென்றுதான் பிற்காலத்தில் பிரெஞ்சுக்காரர்கள் நித்தியகல்யாணியிலிருந்து பெற்ற சத்தை மாற்றியமைத்து வினோரெல்பின் என்னும் மருந்தை உண்டாக்கினார்கள். நம் கோயில் நந்தவனங்களில் பூத்துக் கிடக்கும் அந்தச் செடியின் வழிவந்த மருந்து, இன்று நுரையீரல் புற்றுக்குச் சிரையில் ஏற்றப்படுகிறது. நம்முடைய தென்பாண்டிக் கரிசல் நிலங்களில் அச்செடியைப் பயிரிட்டு, வேரையும் இலையையும் மூட்டை கட்டி ஏற்றுமதி செய்பவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

க்ஷயரோகிகளை ஊருக்கு வெளியே வைப்பதே அந்நாளைய சம்பிரதாயம். சென்னைக்குத் தாம்பரம் எப்படியோ அப்படித் தில்லிக்குக் கிங்ஸ்வே காம்ப் என்று சொல்லலாம். தாம்பரத்தில் டாக்டர் சவுரிமுத்து 1928இல் சானடோரியம் தொடங்கினார். தில்லியில் மன்னரின் வெள்ளி விழாவை ஒட்டி 1935இல் ஓர் ஆஸ்பத்திரி எழுந்தது. சுத்தமான காற்று, முட்டை, பால், ஓய்வு, இவை தவிர வைத்தியரிடம் கொடுக்க மருந்து ஒன்றும் இல்லை. வீட்டில் ஒருவருக்கு க்ஷயம் என்று வெளியே தெரிந்தால் பெண் கொடுக்கவும் எடுக்கவும் ஜனங்கள் யோசித்தார்கள். ஆகையால் அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொல்வதில்லை, ‘பெரிய வியாதி’ என்று தாழ்ந்த குரலில் குறிப்பிடுவார்கள்.

1947இல் பிரிவினை வந்தது. கரோல் பாகின் முஸ்லிம் குடிகளில் பெரும்பாலோர் போயினர். மேற்குப் பஞ்சாபிலிருந்து அகதிகள் வந்து அந்த வீடுகளையும் அக்கம்பக்கத்து வெட்டவெளிகளையும் நிரப்பினர். மனிதர்கள் வந்ததுபோலவே ஸ்தாபனங்களும் வந்தன. லாகூர் நகரத்தின் பாதிக் கட்டடங்களுக்குச் சூத்திரதாரியான என்ஜினீயர் சர் கங்கா ராம், 1921இல் தம் சொந்தப் பொருளில் அங்கே நிறுவிய தர்ம ஆஸ்பத்திரி எல்லைக்கு அப்பால் நின்றுவிட்டது. அவர் பெயராலேயே ராஜிந்தர் நகரில், கரோல் பாகின் எல்லையில், மறுபடியும் ஓர் ஆஸ்பத்திரி எழுப்ப 1951இல் நேரு அஸ்திவாரமிட்டு, 1954 ஏப்ரல் 13ஆம் தேதி அவரே திறந்தும் வைத்தார். லாகூரில் 1930இல் பிரசவ ஆஸ்பத்திரி நடத்தத் தொடங்கிய டாக்டர் பி.எல்.கபூரும், லூதியானா வழியாகத் தில்லி வந்து, பூசா ரோடில் 1959இல் தம் ஆஸ்பத்திரியைத் திறந்தார். இவ்விரண்டும் அந்நாளில் புற்றுக்கென்று ஏற்பட்டவை அல்ல. இன்று புற்றுநோய்ப் பிரிவு இல்லாமல் இரண்டையும் நினைத்துப் பார்க்க முடியாது.

அந்த 1954ஆம் வருஷம் நமக்கும் விசேஷமான வருஷம். கங்கா ராம் ஆஸ்பத்திரி திறந்து இரண்டு மாதம் கழித்து, ஜூன் மாதத்தில், அடையாற்றில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் புற்றுநோய் நிலையம் பன்னிரண்டு படுக்கைகளோடு தன் காரியத்தைத் தொடங்கியது. அதற்கும் கல் நாட்டியவர் நேருதான். மத்திய சர்க்கார் உத்தியோகஸ்தர்களுக்கான வைத்தியத் திட்டமாகிய சி.ஜி.எச்.எஸ்.ஸும் அதே வருஷத்தில் தில்லியில் பிறந்தது. கரோல் பாகில் குடியிருந்த நம் குமாஸ்தாக்களும் செக்ஷன் ஆபீசர்களும் அந்தத் திட்டத்தின் டிஸ்பென்சரி வாசலில் அட்டையைக் கையில் பிடித்து வரிசையில் நின்ற காட்சியை, அந்தத் தலைமுறையைச் சேர்ந்த எந்தத் தில்லித் தமிழரும் மறந்திருக்க மாட்டார். மார்புப் படம் எடுத்துக்கொள்ளச் சொல்லிச் சீட்டுக் கொடுப்பதும் அங்கேதான்.

மார்புப் படத்தைப்பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். ஸ்கிரீனிங் என்று இன்று பெரிதாகப் பேசப்படும் காரியம், அதாவது நோய்க்குறி ஒன்றும் இல்லாத ஜனங்களை வரிசையாக நிறுத்தி உள்ளே ஏதேனும் உண்டா என்று பார்ப்பது, நமக்குப் புதிதன்று. 1955 முதல் 1958 வரை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நடத்திய க்ஷயரோகக் கணக்கெடுப்பில், ஊர் ஊராக எக்ஸ்ரே வண்டிகள் சென்று, சிறு பிலிமில் ஆயிரக்கணக்கானோரின் மார்பைப் படமெடுத்தன. தில்லியும் அந்தக் கணக்கெடுப்பில் சேர்ந்ததே. ஆனால் அப்படங்களைப் பார்த்த கண்கள் க்ஷயத்தைத் தேடப் பழகிய கண்கள். மேல் மடலில் ஒரு நிழல் தெரிந்தால் அது க்ஷயம். உருண்டையாகத் தெரிந்தாலும் க்ஷயத்தின் ஒரு ரூபம். ஆறிய தழும்பாக இருந்தால் என்றோ வந்துபோன க்ஷயம்.

இந்தப் பழக்கத்துக்கு முதலில் தடை சொன்னவர்களில் ஒருவர் டாக்டர் ராமன் விசுவநாதன். தில்லிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வல்லபபாய் படேல் நெஞ்சு நோய் ஸ்தாபனத்தின் முதல் டைரக்டர் அவர். இந்தியாவில் நெஞ்சு வைத்தியத்துக்கே தந்தை என்று அவரைச் சொல்வதுண்டு. மருத்துவமனைகளின் பதிவேடுகளைத் திரட்டி அவரும் அவருடைய சகாக்களும் 1962இல் ‘தோராக்ஸ்’ என்னும் ஆங்கிலப் பத்திரிகையில் எழுதிய கட்டுரை, ஆஸ்பத்திரிக்கு வந்த பத்து லட்சம் பேருக்கு 1950இல் சுமார் 27 ஆக இருந்த நுரையீரல் புற்று, 1959இல் சுமார் 78 ஆகிவிட்டது என்று காட்டியது. நோய்தான் கூடிற்றா, அல்லது நோயை இனங்காணும் கண் கூடிற்றா என்று கேட்டால், இரண்டும் என்றே சொல்ல வேண்டும். எனினும் இரண்டாவதற்கு நான் சற்று அதிகப் பங்கு கொடுப்பேன்.

மேல்நாட்டில் அதற்குள் விஷயம் வெகுதூரம் போயிருந்தது. 1933இல் செயின்ட் லூயிஸ் நகரத்து எவார்ட்ஸ் கிரஹாம், புற்று வந்த ஒரு வைத்தியரின் இடது நுரையீரலை முழுதும் எடுத்து அவரைப் பிழைக்க வைத்தார். புகையிலைக்கும் புற்றுக்கும் சம்பந்தம் உண்டு என்று 1950இல் இங்கிலாந்தில் டாலும் ஹில்லும் கணக்கால் நிறுவினார்கள். அமெரிக்காவில் அதே வருஷம் அதே முடிவுக்கு வந்த இருவருள் இந்தக் கிரஹாமும் ஒருவர். அவரே பல்லாண்டு சிகரெட் பிடித்தவர். 1957இல் அதே நோயால் இறந்தார். அவரிடம் சிகிச்சை பெற்ற அந்த வைத்தியர் அவருக்குப் பின்னும் சில வருஷம் உயிரோடிருந்தார்.

நெஞ்சு வைத்தியத் தொழிலில் புகுந்த நம் இளைஞர்களின் வாழ்க்கைப் பாதையும் க்ஷயத்தின் வாசல் வழியாகவே சென்றது. எம்.பி.பி.எஸ். முடித்தவன் க்ஷயரோக டிப்ளமா ஒன்று பெறுவான். அந்த டிப்ளமாவின் பெயரில் ‘நெஞ்சு நோய்களும்’ என்று பிற்பாடு சேர்த்துக்கொண்டார்கள். சக மாணவர்கள் இருதயத்தையும் மூளையையும் தேடிச் செல்ல, சானடோரியத்து வேலையை ஏற்றவனைச் சற்று அனுதாபத்தோடு பார்ப்பதுதான் வழக்கம்; சம்பளமும் குறைவு, தொற்றும் பயமும் அதிகம். புற்றுவைத்தியம் ஒரு தனிப் படிப்பாக உருவெடுக்க 1984 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த வருஷத்தில் அடையாறு நிலையம் தேசத்திலேயே முதன்முதலாகப் புற்று மருந்தியலிலும் புற்று அறுவையிலும் உயர்பட்டப் படிப்புகளைத் தொடங்கியது. நெஞ்சறுவை மட்டும் வெகுகாலம் இருதய அறுவையின் நிழலில் ஒதுங்கியே நின்றது. பட்டத்தில் இருதயம், மார்பு, இரத்தக் குழாய் மூன்றும் சேர்ந்திருந்தாலும், கற்றுத் தேர்ந்தவர்கள் இருதயத்தின் பக்கமே சாய்ந்தார்கள். கீர்த்தியும் பொருளும் அங்கிருந்தன. அகில இந்திய மருத்துவ விஞ்ஞான நிலையத்திலிருந்து வந்த டாக்டர் அரவிந்த் குமார், நுரையீரல் அறுவைக்கென்றே 2012இல் கங்கா ராம் ஆஸ்பத்திரியில் ஒரு தனி நிலையம் தொடங்கியது கரோல் பாகுக்கு நேர்ந்த நல்ல காலம்.

க்ஷயத்துக்கு ஸ்ட்ரெப்டோமைசின் முதலிய மருந்துகள் வந்து, வீட்டிலிருந்தபடியே குணமாகலாம் என்று சென்னைச் சேத்துப்பட்டில் நடந்த ஆராய்ச்சி 1959இல் உலகத்துக்கு நிரூபித்தபின், ஒரு விசித்திரமான மாறுதல் ஏற்பட்டது. ஒரு காலத்தில் சொல்லக் கூசிய வியாதி ஆறுதல் சொல்லாகிவிட்டது. டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும்போது, ‘டி.பி.தானே சார்?’ என்று வீட்டார் கேட்பார்கள். ஆமாம் என்றால் பெருமூச்சு விடுவார்கள். டாக்டருக்கும் அது சௌகரியமான விடை. கோழையில் கிருமி காணாவிட்டாலும் மாத்திரைகளைத் தொடங்கிவிடலாம். பலன் தெரிய இரண்டு மாதம் ஆகும், ஆறு மாதம் தின்ன வேண்டும். உள்ளே இருப்பது புற்றாயின் அந்த ஆறு மாதம் அதற்குக் கிடைத்த அவகாசம். கத்தியால் எடுத்துவிடக்கூடிய கட்டத்தில் வந்தவன், எடுக்க முடியாத கட்டத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்படுகிறான். இந்த ஒரு தவறு தேசம் முழுவதும் இன்றும் நிகழ்ந்துகொண்டிருப்பதாக நெஞ்சு வைத்தியர்கள் ஓயாமல் எழுதுகிறார்கள். உலகத்து க்ஷயரோகிகளில் ஏறத்தாழ நாலில் ஒருவர் நம் நாட்டவர் என்பதை நினைத்தால், சாதாரண டாக்டரைக் குறை கூறவும் நா எழவில்லை. நூறு நிழல்களில் பெரும்பாலானவை உண்மையில் க்ஷயமாகத்தானே இருக்கின்றன.

புகையிலையைத் தொடாதவனுக்கு நுரையீரல் புற்று வராது என்ற நம்பிக்கையும் அந்தத் தவறுக்குத் துணை செய்தது. கரோல் பாகின் பீடன்புரா என்னும் பகுதியில் நகைப் பட்டறைகள் அடுக்கியிருக்கின்றன. வங்காளத்திலிருந்து வந்த கைதேர்ந்த தொழிலாளர்கள் பலர் அங்கே பலகைமுன் குனிந்தமர்ந்து வேலை செய்கிறார்கள். கே.டி.எம். நகை என்று நம் பெண்மணிகள் கேட்டு வாங்கியது நினைவிருக்கலாம். தங்கத்தோடு செம்பும் வெள்ளியும் கலந்த பழைய பொடியை வைத்து ஊதிப் பற்றவைத்தால் நகையின் மாற்றுக் குறையும். நூற்றுக்கு எட்டுப் பங்கு கேட்மியம் கலந்த கே.டி.எம். பொடியோ தாழ்ந்த சூட்டிலேயே இளகிப் பற்றிக்கொள்வதோடு, கேட்மியமும் பெரும்பாலும் ஆவியாகிப் போய்விடுவதால், மாற்றுக் குறைவதில்லை. வாங்குபவருக்கு அது லாபம். ஆவியாகிப் போன கேட்மியம் எங்கே போயிற்று? 767 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகும் அந்த உலோகம், பழுப்புப் புகையாய் எழுந்து, ஜன்னலில்லாத அறையில் ஊதுகுழலைப் பிடித்துக் குனிந்திருந்தவனின் மூக்குக்கு நேராகச் சென்றது. மனிதரின் நுரையீரலில் புற்று விளைவிக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி ஸ்தாபனம் 1993இல் கேட்மியத்தை முதல் வகுப்பில் சேர்த்தது. கே.டி.எம். முறை பிறகு கைவிடப்பட்டது. நகையை அணிந்தவருக்கு அதனால் ஒரு குறையும் வரவில்லை. வந்திருந்தால் ஊதியவனுக்கே வந்திருக்கும். அவன் இருமினால் அவனுக்கும் ‘டி.பி.’ என்றே சொல்லியிருப்பார்கள்.

பட்டறைக்கு வெளியே வந்தால் தெருவின் காற்று. பொது இடத்தில் புகைபிடிப்பதைத் தடுத்துத் தில்லிச் சட்டசபை 1996இலேயே சட்டம் செய்தது; சுப்ரீம் கோர்ட்டின் கட்டளையால் 2002ஆம் வருஷ முடிவுக்குள் நகரத்துப் பஸ்கள் எல்லாம் இயற்கை வாயுவுக்கு மாறின. காற்று சிறிது காலம் தெளிந்தது. பிறகு பழைய கதைதான். வெளிக்காற்றின் மாசும் முதல் வகுப்புப் புற்றுக் காரணிதான் என்று மேற்சொன்ன சர்வதேச ஸ்தாபனம் 2013இல் அறிவித்தது. 2012 மார்ச் முதல் 2018 ஜூன் வரை கங்கா ராம் நிலையத்துக்கு வந்த 150 நுரையீரல் புற்று நோயாளிகளைக் கணக்கெடுத்தபோது, ஏறத்தாழப் பாதிப்பேர் புகைபிடியாதவர்கள். ஐம்பது வயதுக்குட்பட்டவர்களில் நூற்றுக்கு எழுபது பேர் அப்படிப்பட்டவர்கள். 150 என்பது சிறிய எண். ஓர் ஆஸ்பத்திரிக்கு வருபவர்களை வைத்து ஊரை அளக்க முடியாது. காற்றுத்தான் காரணம் என்று அந்தக் கணக்கு ஒன்றே மெய்ப்பித்துவிடவும் இல்லை. ஆயினும் 2018 நவம்பரில், அந்த ஆஸ்பத்திரி வளாகத்தில், நகரத்துக் காற்றை உள்ளிழுக்கும்படி வடிகட்டித் துணியால் செய்து நிறுத்திய ஒரு பெரிய வெண்ணிற நுரையீரல் உருவம் சில நாட்களுக்குள் கறுத்துப் போனதைப் பார்த்தவர்களிடம் இந்தத் தர்க்கமெல்லாம் எடுபடவில்லை.

நோய் முற்றிய பின் கொடுக்கும் மருந்தைப்பற்றியும் தில்லியில் ஒரு பெரிய வழக்கு நடந்தது. புகைபிடியாத ஆசிய நாட்டவரிடம், முக்கியமாகப் பெண்களிடம், அதிகமாகக் காணப்படும் ஒருவகை மரபணு மாறுதலுக்கு எர்லோடினிப் என்ற மாத்திரை நன்றாக வேலை செய்யும். ரோஷ் கம்பெனி அதை மாத்திரை ஒன்று 4,800 ரூபாய்க்கு விற்றது; சிப்லா அதையே 1,600 ரூபாய்க்கு விற்க முன்வந்தபோது, தன் பேடண்ட் உரிமையைக் காட்டி ரோஷ் 2008 தொடக்கத்தில் தில்லி ஹைகோர்ட்டுக்குப் போயிற்று. அந்த வருஷம் மார்ச்சில் இடைக்காலத் தடை மறுக்கப்பட்டது. நோயாளிகளின் நலனும் விலை வித்தியாசமும் தீர்ப்பில் எடைபோடப்பட்டன. தினம் ஒரு மாத்திரை வீதம், பலன் தரும்வரை தொடர்ந்து தின்ன வேண்டிய மருந்து என்பதை நினைத்தால் அந்த மூன்றில் ஒரு பங்கு விலையின் அர்த்தம் விளங்கும்.

இனி, முன்கூட்டியே கண்டுபிடிக்கும் காரியம். வெறும் எக்ஸ்ரேயும் கோழைப் பரிசோதனையும் மரணத்தைக் குறைக்கவில்லை என்று அமெரிக்காவின் மேயோ ஆஸ்பத்திரியில் 1970களில் தொடங்கிய ஆராய்ச்சி தெளிவாக்கியது. குறைந்த கதிர்வீச்சில் எடுக்கும் சி.டி. படத்தால் பலன் உண்டு என்று 53,454 பேரைக் கொண்டு நடத்திய இன்னொரு அமெரிக்க ஆராய்ச்சி 2011இல் காட்டியது. நுரையீரல் புற்றால் நேரும் மரணத்தில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. அவர்கள் தேர்ந்தெடுத்தது 55 முதல் 74 வயது வரையுள்ள, நெடுங்காலம் மிகுதியாகப் புகைத்தவர்களை. அப்படியிருந்தும் சந்தேகத்துக்குரியவை என்று பிரித்த படங்களில் நூற்றுக்கு 96, முடிவில் புற்றல்ல என்றே ஆயிற்று. கரோல் பாகில் இந்த அளவுகோலை அப்படியே வைத்தால் என்ன ஆகும்? பீடியைத் தொடாத பெண்மணியும் கேட்மியம் ஊதிய தொழிலாளியும் வரிசைக்கு வெளியே நிற்பார்கள். உள்ளே வருபவர்களிலோ, இளமையில் க்ஷயம் வந்து ஆறிய தழும்புள்ளவர்கள் ஏராளம். அவர்கள் ஒவ்வொருவரையும் ஊசியால் குத்திப் பார்க்க வேண்டிய நிலை வரும். ஆகவே இந்நாட்டுக்கென்று ஓர் அளவுகோலை இந்நாட்டில்தான் அளந்து செய்ய வேண்டும் என்று கூறும் வைத்தியர்களின் பக்கமே நான் இருக்கிறேன். தனியார் ஆஸ்பத்திரிகள் ‘முழு உடல் பரிசோதனை’ என்று விளம்பரப்படுத்தும் பொட்டலத்தில் மார்பு சி.டி.யையும் சேர்த்து எல்லோருக்கும் விற்பதை அதற்குப் பதிலாக ஏற்க முடியாது.

அதுவரையில் நெஞ்சு வைத்தியர் கையாள்வது ஒரு பழைய உபாயம். சி.டி.யில் ஒரு சிறு முடிச்சைக் கண்டதும் அவர் முதலில் கேட்கும் கேள்வி, ‘பழைய படம் இருக்கிறதா?’ என்பது. கெட்டியான முடிச்சு இரண்டு வருஷத்துக்கு முந்திய படத்திலும் அதே அளவில் அதே இடத்தில் இருந்தால், அது பெரும்பாலும் தழும்புதான். கத்தியும் வேண்டாம், ஊசியும் வேண்டாம். கரோல் பாகின் பழைய வீடுகளில், அலமாரியின் மேல், டிரங்குப் பெட்டியின் அடியில், பழுப்புக் காகித உறையில் போட்டு வைத்த டிஸ்பென்சரி நாளைய எக்ஸ்ரே பிலிம்கள் அப்படிச் சிலரைக் காப்பாற்றியிருக்கின்றன. அவற்றை இடத்தை அடைக்கிற குப்பை என்று எண்ணி, பிலிமில் உள்ள வெள்ளிக்காக வாங்கிச் செல்லும் கபாடிக்காரனிடம் எடை போட்டுக் கொடுத்துவிட்டவர்கள், மூன்று மாதம் பொறுத்து மறுபடியும் ஒரு சி.டி. எடுத்துக்கொண்டு வர வேண்டியதுதான்.